பாருக்குக் கீழே "வேண்டாம்" என்பது யார்?

ஐந்து மாதமாக வெயிட் தூக்குகிறீர்கள். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு வாரம் எடை ஏறிக்கொண்டே போனது. இப்போது ஆறு வாரமாக ஸ்குவாட் (எடையைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது) 80 கிலோவில் நின்றுவிட்டது. ஸ்குவாட் நாளுக்கு முந்தின இரவே வயிற்றைக் கலக்குகிறது, தூக்கம் சரியாக வருவதில்லை. "எனக்கு உடம்பில் வலு இல்லையா, மனசில் தைரியம் இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எடை ஏறாதது மட்டும்தான் குறை என்றால் நாலு வரியில் பதில் சொல்லிவிடலாம். நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்ததில் எனக்குப் பட்டது இது: பாரை, அதாவது எடை மாட்டிய இரும்புக் கம்பியை, தோளில் வாங்கி நிற்கும்போது உள்ளே ஏதோ ஒன்று "வேண்டாம்" என்கிறது, அதன் பேச்சைக் கேட்பதா மீறுவதா என்று உங்களுக்குத் தெரியவில்லை. அதற்குத்தான் இந்தப் பதில். 17 வருடமாக நானும் தூக்குகிறேன், 11 வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். மருத்துவம் படித்தவன் இல்லை, மனநல ஆலோசகனும் இல்லை. டாக்டரிடம் போக வேண்டிய இடம் வந்தால் அங்கே நிறுத்திச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த மூன்று மாதத்தைப் பார்ப்போம். இப்போதைய ஏமாற்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. புதிதாகத் தூக்க வருகிறவருக்கு ஆரம்பத்தில் கூடும் பலத்தில் பெரும்பங்கு, இருக்கிற தசையை மூளையும் நரம்பும் ஒழுங்காக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பெருப்பது அதற்குப் பிறகுதான் கணக்கில் சேர்கிறது. 1979-இல் மோரிட்டானி, டிவ்ரீஸ் என்ற இருவர் எட்டு வாரப் பயிற்சியில் தசையின் மின்செயல்பாட்டை அளந்து இதைக் காட்டினார்கள். நரம்பு சீக்கிரம் கற்கும், தசை நிதானமாகத்தான் வளரும். ஆக உங்கள் முதல் மூன்று மாத வேகம் ஒரு முறை மட்டும் கிடைக்கிற சலுகை. அதையே வழக்கமான வேகம் என்று எடுத்துக்கொண்டதால்தான் இப்போதைய வேகம் தோல்வி மாதிரித் தெரிகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: வாரம் 2.5 கிலோ என்றால் வருடத்துக்கு 130 கிலோ. 40 கிலோவில் ஆரம்பித்தவர் இரண்டே வருடத்தில் 300 கிலோவுடன் ஸ்குவாட் போட வேண்டும். கிரேக்க மல்லன் மைலோ ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தூக்கிச் சுமந்து, அது காளையான பிறகும் சுமந்தான் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கன்று வளர்கிற வேகத்துக்கு எந்த மல்லனின் தசையும் வளராது. எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் நிற்கும். ஐந்தாவது மாதத்தில் நிற்பது சர்வசாதாரணம்.

அடுத்து, உடம்பா மனமா என்ற பிரிவினை. 1961-இல் இகாய், ஸ்டைன்ஹவுஸ் இருவரும் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். முழங்கை மடக்கி முழுப் பலத்தோடு இழுக்கச் சொல்லி அளந்துகொண்டே இருப்பார்கள். சில தடவை, இழுப்பதற்குச் சற்று முன் பின்னாலிருந்து திடீரென்று துப்பாக்கி வெடிக்கும். அப்போது பலம் கூடியது. இழுக்கிறவரே கத்திக்கொண்டு இழுத்தாலும் கூடியது. அந்த ஒரு நொடியில் தசை வளர்ந்துவிடவில்லை. "முழுப் பலம்" என்று நாம் நினைப்பதற்கு மேலேயும் கொஞ்சம் இருக்கிறது, நரம்பு மண்டலம் அதைப் பூட்டி வைத்திருக்கிறது என்றுதான் அவர்கள் அதை விளக்கினார்கள். இதுவரை சரி. இதிலிருந்து தாவி, "மனம் வைத்தால் எதையும் தூக்கலாம்", "பிள்ளைக்காகக் காரையே தூக்கிய தாய்" என்று போகிறவர்களை நம்ப வேண்டாம். அந்த மாதிரிச் சம்பவங்களை யாரும் தராசு வைத்து அளந்ததில்லை. கூடுவது கொஞ்சம்தான், அதுவும் எப்போதும் கைக்கு வராது. உங்களுக்கு இதில் தேவையான விஷயம் ஒன்றே: ஆபத்து என்று நரம்பு மண்டலம் கருதினால் பலத்தைக் குறைத்துத்தான் தரும். அப்படியானால் பயத்தைத் திட்டி விரட்டுவதைவிட, அது ஆபத்தாகக் கருதுகிற சங்கதியை எடுத்துவிடுவதுதான் சுலபம்.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. முதுகில் 80 கிலோ, கீழே உட்கார்ந்தாகிவிட்டது, எழுந்திருக்க முடியவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்விக்கு உங்கள் உடம்புக்குப் பதில் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். எழ முடியாமல் போனால் பாரைத் தாங்கிக்கொள்ளப் பக்கத்தில் பொருத்தும் கம்பிதான் சேஃப்டி பார்; நீங்கள் எழுதியதில் அந்தச் சொல்லே இல்லை. என்னிடம் பயிற்சிக்கு வந்த ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, 45 கிலோவில் இரண்டு மாதம் நின்றார்கள். ஒவ்வொரு தடவையும் முக்கால்வாசி ஆழத்திலேயே திரும்பி எழுந்துவிடுவார்கள். முழங்காலைப் பார், குதிகாலைப் பார் என்று நானும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் எடையை எல்லாம் இறக்கிவிட்டு, ரேக்கின் (பாரை வைக்கும் இரும்புச் சட்டத்தின்) இரண்டு பக்கத்து சேஃப்டி பாரையும் அவர்கள் உட்காரும் ஆழத்துக்கு இரண்டு விரல் கீழே வைத்தேன். "இன்றைக்கு எழுந்திருக்கவே கூடாது, தோற்க மட்டும்தான் செய்ய வேண்டும்" என்றேன். வெறும் பாரோடு மெதுவாக இறங்கி, நெஞ்சை நிமிர்த்தியபடியே இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து, பாரை இரும்பின் மேல் சாத்திவிட்டு, முன்பக்கமாகக் குனிந்து வெளியே வர வேண்டும். முதல் தடவை "டங்" என்ற சத்தத்துக்கே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்கள். ஐந்தாவது தடவை சிரித்தார்கள். அப்புறம் 30 கிலோ, அப்புறம் 45. அன்றைக்கு முழு ரெப் (ஒரு தடவை இறங்கி எழுவது) ஒன்றுகூடப் போடவில்லை. அடுத்த வகுப்பில் 45 கிலோவோடு முழு ஆழம் போய் எழுந்தார்கள். தைரியம் சொல்லி அந்த ஆழத்தை வரவைக்க என்னால் முடிந்திருக்காது. நீங்களும் அடுத்த ஸ்குவாட் நாளில் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். சேஃப்டி பார் இல்லாத இடத்தில் கனமாக ஸ்குவாட் போடாதீர்கள். தனியாகப் பென்ச் பிரஸ் (மல்லாந்து படுத்துப் பாரை மேலே தள்ளுவது) போட நேர்ந்தால், தாங்கும் கம்பியும் பிடிக்க ஆளும் இல்லாதபோது பிளேட் நழுவாமல் பிடிக்கும் கிளிப்பைப் பாரின் நுனியில் மாட்டாதீர்கள். மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டைத் தள்ளிவிட்டுத் தப்பிக்கலாம். அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் தப்பிக்கலாம்.

பயத்தோடு சேர்ந்து வருகிற இன்னொன்று மூச்சு. கண்ணுக்கு முன் பூச்சி பறக்கிறது, தலை கிர்ரென்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கனமாகத் தூக்கும்போது மூச்சை அடக்கி வயிற்றை இறுக்குவது இயல்பு. முதுகெலும்புக்கு அது முட்டுக் கொடுக்கிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு. 1985-இல் மெக்டூகல் குழுவினர், தேர்ந்த பாடிபில்டர்கள் சிலரின் ரத்த அழுத்தத்தைத் தமனிக்குள்ளேயே குழாய் செலுத்தி அளந்தார்கள். இரண்டு காலாலும் லெக் பிரஸ் தள்ளும்போது சராசரியாக 320-க்கு 250 வரை எகிறியது. விட்டதும் சட்டென்று இறங்கும், அந்த இறக்கத்தில்தான் பெரும்பாலும் தலை சுற்றும். ஆரோக்கியமானவர்களின் உடம்பு இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்கிறது. ஆனால் இதயம் படபடக்க, கண் இருட்டுகிற இந்த உணர்வை மனம் பயமாகத்தான் படிக்கும். ஒரே மூச்சில் மூன்று ரெப் போடாதீர்கள். மேலே நிற்கும்போது மூச்சை இழுத்து அடக்கி, இறங்கி, எழும்போது கடினமான இடத்தைத் தாண்டியதும் விட்டுவிடுங்கள். அடுத்த ரெப்புக்குப் புது மூச்சு. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, குடலிறக்கம், கண் அழுத்த நோய், விழித்திரைப் பிரச்சினை, அண்மையில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும், மூச்சடக்கித் தூக்குவதற்கு முன் டாக்டரைக் கேட்பது கட்டாயம். கூச்சமாக இருக்கிறது என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை, மூச்சைச் சரிசெய்த பிறகும் தலை சுற்றுகிறது என்றாலும் காட்டிவிடுங்கள்.

வலியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பயிற்சி முடிந்து ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை படிக்கட்டு இறங்க முடியாமல் தொடை வலிக்கிறதே, அதற்கு லாக்டிக் அமிலம் காரணம் என்று இன்னமும் பல பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். தவறு. பயிற்சியில் கூடும் லாக்டேட் கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். மறுநாள் தொடங்குகிற வலிக்கு அது எப்படிப் பொறுப்பாகும்? தசைக்குள் நேர்கிற நுண்ணிய சேதம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று 1902-லேயே தியடோர் ஹஃப் எழுதிவிட்டார். எடையைத் தாங்கிக்கொண்டு தசை நீளும்போது, அதாவது ஸ்குவாட்டில் இறங்கும்போது, இது அதிகம். அந்தச் சேதத்திலிருந்து வலி பிறக்கும் வழியில் வீக்கத்தின் பங்கு எவ்வளவு, தசையைச் சுற்றியுள்ள உறையின் பங்கு எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. உறுதியாகத் தெரிந்தது: அதே பயிற்சியை இன்னொரு தடவை செய்தால் வலி நன்றாகக் குறையும். ஆகவே வலிக்கவில்லை என்றால் பயிற்சி வீண் என்று நினைக்காதீர்கள். அந்த எண்ணத்தில் வாராவாரம் புதுப்புதுப் பயிற்சியாக மாற்றி, வலியை மட்டும் வளர்த்துக்கொண்டு பலத்தில் ஒரு கிலோகூட ஏறாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கவனிக்க வேண்டிய வலி வேறு மாதிரி இருக்கும். தசை முழுவதும் மந்தமாக, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் வலித்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே பக்கம், விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி ஒரே புள்ளியில், மூட்டில் அல்லது தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில், குத்துகிற வலி என்றால் எடையைக் குறைக்க வேண்டும். தசை பலமாகிற வேகத்துக்குத் தசைநாண் பலமாகாது. அதற்கு மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். நான்காவது ஐந்தாவது மாதத்தில் முழங்கால், முழங்கை என்று ஆரம்பிக்கிற தொந்தரவுகள் பலதும் இந்த இடைவெளியில் பிறக்கிறவைதான். காலிலோ கையிலோ மின்னல் மாதிரி இறங்கும் வலி, மரத்துப்போதல் என்றால் அன்றோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். இதை நான் செய்யவில்லை. ஆறாவது வருடத்தில் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிர்வது) போடும்போது இடுப்பில் சுரீரென்றது, பிருஷ்டம் வழியாகக் கெண்டைக்கால் வரை இழுத்தது. "மனசுதான் பயமுறுத்துகிறது" என்று சொல்லிக்கொண்டு இன்னும் இரண்டு செட் (சுற்று) போட்டேன். ஏழு மாதம் குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாமல் போனது. அதே போல, மிகக் கடுமையான பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் டீ நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறதோ என்று பார்க்க அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அபூர்வம்தான், நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்து முதல் நாளிலேயே வெறித்தனமாகச் செய்கிறவர்களிடம் நடக்கிறது.

இனி 80 கிலோவை நகர்த்துவது. ஒரே எடையில் ஆறு வாரம் முட்டிக்கொண்டிருந்தால் தோற்பதைத்தான் பயிற்சி செய்கிறீர்கள். ஒரு வாரம் 60-இல் இலகுவாக வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் 70 கிலோவுக்கு வாருங்கள், ஐந்து ரெப்புக்குப் பதில் எட்டு ரெப் போடுங்கள், அங்கிருந்து மூன்று நான்கு வாரத்தில் மறுபடி 80-க்கு ஏறுங்கள். அந்த இலகுவான வாரத்தை வெளியே புகழ்கிற அளவுக்கு அதற்கு ஆராய்ச்சி ஆதாரம் கிடையாது. ஆனால் என் அனுபவத்தில் உங்களைப் போல முந்தின இரவே பயந்துபோகிறவர்களுக்கு அது நன்றாக வேலை செய்கிறது. ஒருவேளை உடம்பைவிட மனசுக்கு. "நரம்பு மண்டலம் களைத்துவிட்டது" என்று ஜிம்மில் எதற்கெடுத்தாலும் சொல்வார்களே, அதையும் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேளுங்கள். கனமான ஒரு பயிற்சியின் நரம்புக் களைப்பு வாரக்கணக்கில் நீடிப்பதாகக் காட்டும் நல்ல சான்று இல்லை. தூக்கக் குறைவும் சாப்பாட்டுக் குறைவும்தான் பெரும்பாலும் அந்தப் பெயரில் உலவுகின்றன. புரதம் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவில் இருந்தால், அதற்கு மேல் கூட்டுவதால் சராசரியாகப் பெரிய பலன் இல்லை என்று 2018-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. பவுடர் விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த எண்ணையும் டாக்டரிடம் கேட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, 80-லிருந்து 82.5 என்பது மூன்று சதவீத ஏற்றம். பென்ச் பிரஸ்ஸில் 40-லிருந்து 42.5 என்பது ஆறு சதவீதம். அதே பிளேட், இரண்டு மடங்கு தாவல். அரை கிலோ, கால் கிலோ பிளேட் கிடைத்தால் வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள்.

எவ்வளவு முக்கித் தூக்குவது என்றால், ஒவ்வொரு செட்டிலும் இன்னும் ஒன்றிரண்டு ரெப் பாக்கி இருக்கும்போது நிறுத்தினால் போதும். புதியவர்களுக்கு அந்தப் பாக்கியை மதிப்பிடத் தெரியாது. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். மாதம் ஒரு முறை லெக் எக்ஸ்டென்ஷன் (உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி எடையைத் தள்ளுவது) மாதிரிப் பாதுகாப்பான மெஷினில் "இன்னும் இரண்டுதான் வரும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, முடிகிற வரை போட்டுப் பாருங்கள். நீங்கள் சொன்னதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் உள்ளே "வேண்டாம்" என்கிற அந்தக் குரலின் மிகைப்படுத்தல். அதை ஒரு எண்ணாகப் பார்த்த பிறகு அது சொல்வதில் எவ்வளவு தள்ள வேண்டும் என்று தெரிந்துவிடும்.

முந்தின இரவு பற்றி. நாளைக்கு 80 வருமா என்ற கேள்வியோடு படுத்தால் யாருக்கும் தூக்கம் வராது. முதல் படியில் மட்டும் கண் வையுங்கள்: வெறும் பார், பத்து ரெப். அப்புறம் 40, 55, 65, 72.5. இந்த ஏணி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி, ஒரே வரிசையில், நடுவில் அதே அளவு ஓய்வோடு இருக்கட்டும். இரண்டாம் உலகப்போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்துத் தேற்றிய டாக்டர் தாமஸ் டிலார்ம் கடைசியில் வந்து சேர்ந்ததும் ஏறக்குறைய இப்படி ஒரு ஏணிதான்: பத்து ரெப் வரக்கூடிய எடையில் பாதி, முக்கால், முழுசு என்று மூன்று செட். மனசு சரியில்லாத நாளில் என்னோடு நான் போட்டுக்கொண்ட ஒப்பந்தம், 65 வரை ஏறிப் பார்ப்பது, அதற்குமேல் வேண்டாம் என்றால் வீட்டுக்குப் போய்விடலாம், கேள்வி கிடையாது. உண்மையாகவே போகலாம் என்று இருந்தால்தான் இது பலிக்கும். இத்தனை வருடத்தில் அப்படி வீட்டுக்குப் போன நாட்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பலப் பயிற்சி மனச்சோர்வு அறிகுறிகளைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 33 சோதனைகளைத் தொகுத்து 2018-இல் வந்த ஆய்வு அப்படித்தான் முடிகிறது. ஆனால் பயிற்சி இல்லாத நாளிலும் தூக்கம் கெடுகிறது, எதிலும் ஈடுபாடு இல்லை என்றால் அது ஸ்குவாட் பிரச்சினை இல்லை, எடையைக் குறைத்துச் சரிசெய்கிற விஷயமும் இல்லை. அதே போல, எவ்வளவு வளர்ந்தாலும் கண்ணாடியில் சின்னதாகவே தெரிகிறது, ஒரு நாள் விட்டால் பதறுகிறது, அதற்காக வேலையையும் உறவையும் விடுகிறோம் என்ற நிலைக்கும் பெயர் இருக்கிறது. 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேடு அதை உடல் தோற்றக் கோளாறின் ஒரு வகையாகச் சேர்த்திருக்கிறது. இரண்டுக்கும் மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும். உங்கள் எழுத்தில் இவை எனக்குத் தெரியவில்லை, ஆனால் எழுத்தை வைத்து நான் முடிவு சொல்லக் கூடாது.

கடைசியில் "நான் இதற்கு லாயக்கில்லையோ" என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் நிஜம்தான், அதை மறைக்க மாட்டேன். 585 பேருக்கு ஒரே கைப்பயிற்சியைப் 12 வாரம் கொடுத்த ஓர் ஆய்வில், சிலருக்குப் பலம் கொஞ்சமும் கூடவில்லை, சிலருக்கு 250 சதவீதம் வரை கூடியது. பக்கத்து ரேக்கில் உங்களோடு சேர்ந்தவர் 120 போடுகிறார் என்றால் அவர் உங்களைவிட உழைத்தார் என்று அர்த்தமாகாது. அதே சமயம், 1990-இல் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கனமான கால் பயிற்சி கொடுத்தபோது சராசரியாக 174 சதவீதம் பலம் கூடியது. வெறும் உடம்போடு ஆரம்பித்து ஐந்து மாதத்தில் 80 கிலோவோடு உட்கார்ந்து எழுகிறவரை லாயக்கில்லாதவர் பட்டியலில் சேர்க்க எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

அடுத்த ஸ்குவாட் நாள் முடிந்ததும் மூன்று விஷயம் எழுதுங்கள்: சேஃப்டி பாரை எந்த ஓட்டையில் வைத்தீர்கள், எத்தனை தடவை வேண்டுமென்றே தோற்றுப் பார்த்தீர்கள், லெக் எக்ஸ்டென்ஷனில் சொன்னதைவிட எத்தனை ரெப் கூட வந்தது. முடிந்தால் இடுப்பு உயரத்தில் போனை வைத்துப் பக்கவாட்டில் ஒரு வீடியோவும் எடுங்கள். கீழே போகும்போது உங்கள் குதிகால் எழும்புகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அதைப் பார்க்காமல் சொல்ல முடியாது.